யூயிங் சார்கோமா: ‘ஸ்டேஜ்’ பற்றிய ஆய்வுகளைத் தேடிப் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூயிங் சார்கோமா பெரும்பாலும் பதின்வயதினருக்கு வரும் எலும்புப் புற்றுநோய். அமெரிக்கா முழுவதற்குமே ஆண்டுக்கு 200 முதல் 250 பேருக்குத்தான் வருகிறது. மருத்துவ நூலகத்தில் வேலை பார்ப்பதால், இந்த நோயின் நிலை (ஸ்டேஜ், அதாவது நோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது) பற்றிக் கட்டுரை தேடி வருகிற இரண்டு வகையினரை எனக்குத் தெரியும்: தீசிஸ் எழுதும் பி.ஜி. மாணவர்கள், மகனுக்கோ மகளுக்கோ நோய் வந்து இரவெல்லாம் கூகுளில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள். இரு தரப்பும் கேட்பதைக் கலந்தே கீழே எழுதியிருக்கிறேன். தேடுபெட்டியில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே ஒலிப்பைத் தமிழில் தருகிறேன்.

பப்மெட்டில் ‘யூயிங் சார்கோமா ஸ்டேஜிங்’ என்று அடித்தால் போதாதா?

பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் இலவசத் தளம். அதில் ஏதாவது வரும். வேண்டியதில் பாதி வராது. காரணம் எளிது: நிலை பற்றிய முக்கியமான ஆய்வுகள் பலவற்றின் தலைப்பில் ‘ஸ்டேஜிங்’ என்ற சொல்லே கிடையாது.

ஓர் உதாரணம். 2010-இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜியில், யூரோ-யூயிங் 99 என்ற ஐரோப்பிய சிகிச்சைச் சோதனையின் ஒரு பகுதி வெளியானது. கண்டறியும்போதே உடலில் பல இடங்களுக்குப் பரவியிருந்த 281 பேரைப் பற்றியது. இவர்கள் எல்லோருமே ‘பரவிய நிலை’ என்ற ஒரே கூடையில் கிடந்தவர்கள். அந்தக் கட்டுரை ஐந்து விஷயங்களை வைத்து மதிப்பெண் போட்டு அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தது: வயது 14-க்கு மேலா, முதன்மைக் கட்டியின் கன அளவு 200 மில்லிலிட்டருக்கு மேலா, ஒன்றுக்கு மேற்பட்ட எலும்பு இடங்களில் பரவலா, எலும்பு மஜ்ஜையில் பரவலா, கூடவே நுரையீரலிலும் பரவலா. நிலை அறிவதைப் பற்றிப் படிக்கிறவர் தவறவிடக் கூடாத கட்டுரை இது. தலைப்பில் இருப்பதோ ‘முதலிலேயே பரவிய, பல குவியங்கள் கொண்ட யூயிங் சார்கோமா’ என்பதும் சோதனையின் பெயரும்தான்.

ஆகவே இந்த மாதிரி அரிய நோய்க்கு நான் சொல்லும் வழி: முதல் சுற்றில் நோயின் பெயரை மட்டும் தேடுங்கள், எல்லா வடிவங்களிலும். ‘ஸ்டேஜ்’ என்ற வடிகட்டியை அப்போதே போடாதீர்கள். மார்பகப் புற்றுநோயில் இப்படிச் செய்தால் லட்சக்கணக்கில் வந்து கொட்டும். யூயிங்கில் வருவது அதைவிட மிகக் குறைவு. தீசிஸுக்காக என்றால் அந்தத் தலைப்புகளைப் பொறுமையாகக் கண்ணால் ஓட்டிவிடலாம். சலிப்பான வேலைதான், ஆனால் கம்ப்யூட்டர் தள்ளிவிடும் கட்டுரையைக் கண் பிடித்துவிடும்.

நோய்க்கு ஒரு பெயர்தானே? ‘எல்லா வடிவங்களும்’ என்றால் என்ன?

ஒரு பெயர் அல்ல, அதுதான் தலைவலி. நியூயார்க்கைச் சேர்ந்த நோய்க்கூறியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங் 1921-இல் இதை விவரித்தபோது வைத்த பெயர் ‘எலும்பின் பரவலான எண்டோதீலியோமா’. பின்னர் ‘யூயிங்ஸ் ட்யூமர்’, ‘யூயிங்ஸ் சார்கோமா’, ‘யூயிங் சார்கோமா’ என்று வந்தது. மார்புச் சுவரில் வந்தால் ‘ஆஸ்கின் ட்யூமர்’. நரம்புத் திசுவின் சாயல் தெரிந்தால் ‘பிரிமிட்டிவ் நியூரோஎக்டோடெர்மல் ட்யூமர்’, சுருக்கமாக பி-என்-இ-டி. மரபணுவில் 11, 22-ஆம் குரோமோசோம்களுக்கு இடையே நடக்கும் ஒரே வகை இடமாற்றம்தான் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் வேர் என்று தெரிந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ‘யூயிங் குடும்பக் கட்டிகள்’ என்றார்கள். இப்போது மறுபடி ‘யூயிங் சார்கோமா’.

தேடும்போது இவை அத்தனையையும் ‘ஆர்’ (இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று பொருள்) போட்டு இணைக்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடியுங்கள். மேற்கோள் குறியும் எஸ் எழுத்தும் சேர்ந்த ‘யூயிங்ஸ்’, அவை இல்லாத ‘யூயிங்’ இரண்டையும் போடுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் ஒன்றை மட்டும் பூட்டினால் மற்றது நழுவும்.

இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். ‘யூயிங்’ என்று மட்டும் அடித்தால் யூயிங் என்ற குடும்பப் பெயருள்ள ஆசிரியர்கள் எல்லோரும் வரிசையில் வந்து நிற்பார்கள். கண் மருத்துவம் முதல் கணையம் வரை எதுவும் வரும். சொல்லுக்குப் பின்னால் சதுர அடைப்பில் டி-ஐ-ஏ-பி என்று போட்டால் தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆசிரியர் தந்த குறிச்சொற்களிலும் இருப்பதை மட்டும் தேடும், இந்தத் தொல்லை தீரும். அடுத்தது பி-என்-இ-டி. கணையத்தின் நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கும் அதே நான்கு எழுத்துதான். குழந்தைகளின் மூளைக் கட்டி ஒன்றையும் 2016 வரை அப்படித்தான் அழைத்தார்கள். ஆகவே இந்தச் சுருக்கெழுத்தைத் தனியாக விடாதீர்கள். ‘எலும்பு’ அல்லது ‘யூயிங்’ என்ற துணையோடு ‘ஆண்ட்’ (இரண்டும் இருக்க வேண்டும் என்று பொருள்) போட்டுத் தேடுங்கள்.

மெஷ் சொற்கள் இருக்கின்றனவே, அவற்றை வைத்துத் தேடினால் இந்தப் பெயர்க் குழப்பம் போய்விடாதா?

பெருமளவு போகும், முழுசாகப் போகாது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரித்து வரும் பொருள்தலைப்புப் பட்டியல்தான் மெஷ். ஆசிரியர் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் கட்டுரைக்கு ஒரே குறிச்சொல் ஒட்டப்படும். யூயிங்குக்கு ‘சார்கோமா, யூயிங்’. நிலைக்கு ‘நியோப்ளாசம் ஸ்டேஜிங்’.

ஆனால் பப்மெட்டில் இருக்கும் எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் கிடையாது. மெட்லைன் என்ற உள்வட்டத்தில் சேராத இதழ்களுக்கு ஒட்டமாட்டார்கள். 2022 முதல் ஒட்டும் வேலையை இயந்திரமே செய்கிறது; வேகம் கூடியது, ஆனால் அரிய நோய் விஷயத்தில் நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டேன். மெஷ் ஒரு பக்கம், சாதாரணச் சொற்கள் ஒரு பக்கம், நடுவில் ‘ஆர்’. இதில் சிக்கனம் வேண்டாம்.

சரி, அத்தனை தலைப்புகளையும் ஓட்ட எனக்கு நேரமில்லை. ‘ஸ்டேஜ்’ பக்கம் சுருக்க வேண்டுமென்றால்?

அப்படியானால் ‘ஸ்டேஜ்’ என்பதன் உறவுக்காரச் சொற்களை எல்லாம் கூப்பிடுங்கள்: ஸ்டேஜ், ஸ்டேஜ்டு, ஸ்டேஜிங், கண்டறியும்போதே பரவல், நோயின் விரிவு, இடர் வகைப்பாடு, முன்கணிப்புக் காரணிகள். கூடவே கருவிகள்: பெட் ஸ்கேன் (கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி எடுக்கும் படம்), போன் ஸ்கேன், முழுவுடல் எம்.ஆர்.ஐ., மஜ்ஜை பயாப்சி, நெஞ்சு சி.டி.

நட்சத்திரக் குறி உதவும், அளவோடு. ‘மெட்டாஸ்டா’ வரை அடித்து நட்சத்திரம் வைத்தால் மெட்டாஸ்டாசிஸ், மெட்டாஸ்டாசீஸ், மெட்டாஸ்டாட்டிக் (பரவலைக் குறிக்கும் சொற்கள்) என ஒருமை, பன்மை, பெயரடை எல்லாம் வரும். அதே ஆசையில் ‘ஸ்டேக்’ என்ற நான்கு எழுத்துக்குப் பின் நட்சத்திரம் வைத்தால் தேக்கம் என்று பொருள்படும் ஸ்டாக்னேஷனும் கலைமானும் சேர்ந்து வரும். நட்சத்திரம் வைத்த சொல்லுக்கு பப்மெட் தானாகச் செய்யும் சொல்மாற்று உதவியும் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கள் மருத்துவர் ‘ஸ்டேஜ் 1, 2, 3, 4’ என்று சொல்லவில்லை. ‘லோக்கலைஸ்டு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். கட்டுரைகளில் வேறு மாதிரி இருக்கிறதே?

அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இந்த நோயில் மூன்று மொழிகள் ஒரே நேரத்தில் புழங்குகின்றன.

முதலாவது எனக்கிங் முறை. ஃப்ளோரிடாவின் எலும்பு அறுவை மருத்துவர் வில்லியம் எனக்கிங்கும் சக ஆசிரியர்களும் 1980-இல் வெளியிட்டது. கட்டி குறைந்த தரமா, உயர்ந்த தரமா, எலும்புக்குள்ளேயே இருக்கிறதா, அதன் அறையை (கட்டி தொடங்கிய பகுதியின் இயல்பான எல்லையை) தாண்டிவிட்டதா, தொலைவுக்குப் பரவிவிட்டதா. அறுவை மருத்துவர்களின் கட்டுரைகளில் ‘டூ-பி’ என்று பார்த்தால் பெரும்பாலும் இதுதான்: உயர் தரம், அறையைத் தாண்டியது, பரவவில்லை.

அடுத்தது டி-என்-எம்: டி என்பது கட்டி, என் என்பது நிணநீர்க் கணு, எம் என்பது பரவல். புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக்குழு வெளியிடும் இந்த முறையின் எட்டாம் பதிப்பு 2018 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கை கால் எலும்புகளில் கட்டி 8 சென்டிமீட்டருக்குள் இருந்தால் டி1, அதைத் தாண்டினால் டி2, ஒரே எலும்பில் தொடர்ச்சியில்லாமல் இரண்டு இடத்தில் இருந்தால் டி3. நுரையீரலுக்கு மட்டும் பரவினால் எம்1-ஏ, மற்ற இடங்களுக்குப் போனால் எம்1-பி. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் யூயிங் எப்போதும் உயர் தரம் என்றே வைக்கப்படுவதால் ‘ஸ்டேஜ் 1’ என்ற பெட்டி கிட்டத்தட்ட காலி. இன்னொன்று, எட்டாம் பதிப்பு முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் தனி டி அளவுகோல் தந்ததே தவிர, அவற்றுக்கு 1 முதல் 4 வரையான நிலைத் தொகுப்பைத் தரவில்லை. யூயிங் அதிகம் தொடங்கும் இடங்களில் இடுப்பெலும்பும் ஒன்று! ஆக, கணிசமான நோயாளிகளுக்கு அந்த எண்ணே கிடையாது.

அதனால்தான் மூன்றாவது மொழி: இடத்தோடு நிற்கிறதா, பரவிவிட்டதா. புற்றுநோய் மருத்துவர்கள் அன்றாடம் பேசுவதும் பெரிய சோதனைகள் நோயாளிகளைப் பிரிப்பதும் இப்படித்தான். பரவியதற்குள் ‘நுரையீரல் மட்டும்’ ஒரு பிரிவு, ‘எலும்பு, மஜ்ஜை’ இன்னொரு பிரிவு. முன்னதற்கு வாய்ப்புகள் சற்று மேல்.

தேடுகிறவருக்கு இதில் வேலை என்ன என்றால், மூன்று மொழியிலும் தேட வேண்டும். ‘எனக்கிங்’, ‘எம்.எஸ்.டி.எஸ்.’ (எலும்பு, தசைக் கட்டிகளுக்கான மருத்துவர் சங்கத்தின் சுருக்கப் பெயர்) என்று போட்டால் அறுவைக் கட்டுரைகள் வரும். ‘லோக்கலைஸ்டு’, ‘மெட்டாஸ்டாட்டிக்’ என்று போட்டால் கீமோதெரபிக் கட்டுரைகள் வரும். ஒன்றை மட்டும் தேடியவருக்கு மற்ற உலகம் இருப்பதே தெரியாது.

‘பரவிவிட்டது’ என்பது எல்லாக் கட்டுரையிலும் ஒரே அர்த்தம்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நெஞ்சு சி.டி.யில் 4 மில்லிமீட்டர் முடிச்சு ஒன்று தெரிகிறது. அது பரவலா, பழைய காசநோயின் தழும்பா? யூரோ-யூயிங் 99 ஒரு கோடு போட்டது: ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஒரு முடிச்சு, அல்லது அரை சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றுக்கு அதிகமான முடிச்சுகள் இருந்து, வேறு மருத்துவ விளக்கமும் இல்லையென்றால் அது நுரையீரல் பரவல். வேறு மையம் வேறு கோடு போட்டிருக்கலாம். பல பழைய கட்டுரைகள் கோடே போடாமல் ‘கதிரியக்க நிபுணரின் முடிவுப்படி’ என்று விட்டுவிடும். கட்டுரையின் ‘முறைகள்’ பகுதிக்குப் போய் இந்த ஒரு வரியைத் தேடிப் படிக்காமல் சதவீதங்களை ஒப்பிடுவது வீண்வேலை.

கருவி மாறினாலும் நிலை மாறும். எக்ஸ்ரேயும் போன் ஸ்கேனும் மட்டும் இருந்த காலத்தில் ‘இடத்தோடு நிற்கிறது’ என்று எழுதப்பட்ட சிலர், இன்றைய பெட் ஸ்கேனில் ‘பரவியது’ பக்கம் போயிருப்பார்கள். அவர்கள் விலகியதால் முதல் குழுவின் சராசரி உயரும். இரண்டாவது குழுவுக்குப் போனவர்கள் அங்கே இருப்பவர்களைவிட லேசான நோய் உள்ளவர்கள். அதனால் அந்தச் சராசரியும் உயரும். ஒரு நோயாளிகூட கூடுதலாகப் பிழைக்காமல் இரண்டு பக்கமும் முன்னேற்றம்! ஆல்வன் ஃபைன்ஸ்டீனும் சக ஆசிரியர்களும் 1985-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் நுரையீரல் புற்றுநோயை வைத்து இதைக் காட்டினார்கள். ஒரு மாநிலத்து மக்கள் இன்னொரு மாநிலத்துக்குப் போனதில் இரண்டு இடத்திலும் சராசரி அறிவு கூடியது என்ற அமெரிக்க நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸின் கிண்டலை ஒட்டி, இதற்கு ‘வில் ரோஜர்ஸ் விளைவு’ என்று பெயர். எனவே ஒவ்வொரு கட்டுரையிலும், அது வெளியான ஆண்டைவிட, நோயாளிகள் எந்த ஆண்டுகளில் சேர்க்கப்பட்டார்கள், எந்த ஸ்கேனால் நிலை அறியப்பட்டது என்ற இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆய்வை எடுத்துப் படித்துக் காட்ட முடியுமா?

காட்டலாம். 2007-இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜியில் வந்த, குழந்தைகளின் சார்கோமாவில் பெட் ஸ்கேன் பற்றிய பல்மைய ஆய்வு. பின்வந்த கட்டுரைகள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டும்.

முதலில் எண்ணிக்கை: 46 பிள்ளைகள். பெரிதாகத் தோன்றாது; இந்தத் துறைக்கு இது மோசமில்லை. முன்கூட்டியே திட்டமிட்டு நோயாளிகளைச் சேர்த்த ஆய்வு என்பதும் அதற்கு ஒரு பலம். ஆனால் அதற்குள் யூயிங் வகை 23 பேர்தான். மீதியில் 11 பேருக்கு ஆஸ்டியோசார்கோமா என்ற வேறொரு எலும்புப் புற்றுநோய், 12 பேருக்கு ராப்டோமயோசார்கோமா என்ற மென்திசுப் புற்றுநோய். நம் கேள்விக்குச் சொந்தமானவர்கள் பாதிப் பேர் மட்டுமே.

அப்புறம் முடிவுகள். எலும்புப் பரவலைக் கண்டுபிடிப்பதில் பெட்டின் உணர்திறன் (உண்மையில் இருப்பதில் எத்தனையைக் கண்டுபிடித்தது என்பது) 90 சதவீதம், வழக்கமான ஸ்கேன்களுக்கு 57. நிணநீர்க் கணுக்களில் 95-க்கு 25. இங்கேயே நிறுத்தினால் பெட் ஜெயித்துவிட்டது. அடுத்த வரி நுரையீரல்: பெட் 25 சதவீதம், சி.டி. 100 சதவீதம். யூயிங் முதலில் எட்டிப் பார்க்கும் இடங்களில் நுரையீரல் முக்கியமானது. அங்கேதான் பெட் நான்கில் மூன்றைத் தவறவிட்டது. சின்ன முடிச்சுகள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும், மூச்சில் நெஞ்சு அசைவதும் படத்தைக் குழப்பும். பெட் எடுத்தாலும் நெஞ்சுக்குத் தனியாக நல்ல சி.டி. எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் கேளுங்கள்: ‘உண்மை’ எது என்று எப்படி முடிவு செய்தார்கள்? தெரிந்த ஒவ்வொரு புள்ளியிலும் ஊசி போட்டுப் பயாப்சி எடுக்க முடியாது. இந்த வகை ஆய்வுகளில் பின்தொடர்ந்து பார்த்ததும் மற்ற ஸ்கேன்களும் சேர்ந்துதான் உரைகல் ஆகின்றன. உரைகல்லிலேயே சோதிக்கப்படும் ஸ்கேன் கலந்திருந்தால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். இதை முறையாகச் சோதிக்க க்வாடாஸ்-2 என்ற கேள்விப்பட்டியல் 2011 முதல் இருக்கிறது. தீசிஸ் எழுதுகிறவர்கள் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள், பெற்றோர்கள் விட்டுவிடலாம்.

‘மகனுக்கு மஜ்ஜை பயாப்சி கட்டாயம் வேண்டுமா’ என்பது மாதிரி ஒற்றைக் கேள்விக்கு எப்படித் தேடுவது?

இது நல்ல கேள்வி, ஏனென்றால் இதற்கு ‘ஸ்டேஜ்’ என்ற சொல்லே தேவையில்லை. நோயின் பெயர்கள் ஒரு கட்டு. ‘போன் மேரோ’ ஒரு கட்டு. பயாப்சி, ஆஸ்பிரேட் (ஊசியால் உறிஞ்சி எடுப்பது), பெட் மூன்றும் ‘ஆர்’ போட்டு ஒரு கட்டு. மூன்று கட்டுக்கும் நடுவே ‘ஆண்ட்’. குப்பையாகக் கூடவே வருவது மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக் கட்டுரைகள். அவற்றை ‘நாட்’ போட்டு வெட்ட வேண்டாம், இரண்டையும் பேசும் கட்டுரையும் சேர்ந்து வெட்டுப்படும். கண்ணால் தள்ளுங்கள்.

கிடைப்பதை ஆண்டு வாரியாக அடுக்கினால் கதை தெரியும். பழைய நெறிமுறைகளில் எல்லோருக்கும் இரு பக்க இடுப்பெலும்பிலும் மஜ்ஜை எடுப்பது வழக்கம். பெட் பரவலான பிறகு வந்த பல ஆய்வுகள், பெட்டில் எலும்புப் பரவல் எதுவும் தெரியாத பிள்ளைகளிடம் மஜ்ஜை பயாப்சி புதிதாக எதையும் காட்டுவது மிக அரிது என்றன. ஆனால் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் வேறு. பெட் எடுக்காத அல்லது பெட்டில் சந்தேகம் உள்ள பிள்ளைக்கு இந்த முடிவு பொருந்தாது. மருத்துவரிடம் ‘பெட் சுத்தமாக இருந்தால் இது தேவைப்படுமா?’ என்று கேட்கலாம். நாலு தாளை நீட்டி ‘வேண்டாம்’ என்று சொல்வது வேறு விஷயம்.

பப்மெட் தவிர வேறு எங்கே தேட வேண்டும்?

தீசிஸ், மீளாய்வு என்றால் எம்பேஸ் வேண்டும். எல்செவியர் நிறுவனத்தின் கட்டணத் தளம். ஐரோப்பிய இதழ்களும் மாநாட்டுச் சுருக்கங்களும் அதிகம். அரிய நோயில் சில தகவல்கள் மாநாட்டுச் சுருக்கமாகவே நின்றுவிடுவதுண்டு.

கூகுள் ஸ்காலர் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஒரு கட்டுரையை யாரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள் என்று பின்தொடர அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் திறக்காது. இன்று செய்த தேடல் நாளை அதே வரிசையில் வரும் என்ற உறுதியும் இல்லை. துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடித்தளமாக வேண்டாம்.

மீளாய்வுகளுக்குப் பெயர்போன காக்ரேன் நூலகத்தில் தேடி ஒன்றிரண்டே கிடைத்தால் பதற வேண்டாம். இவ்வளவு அரிய நோயில் அது இயல்பு. நடந்துகொண்டிருக்கும் சோதனைகளுக்கு கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ், நம் நாட்டுக்கு சி.டி.ஆர்.ஐ. பதிவேடு.

இந்தியாவில் நடந்த ஆய்வுகள் கிடைக்குமா?

கிடைக்கும். மும்பை டாடா மெமோரியலும் டெல்லி எய்ம்ஸும் யூயிங் நோயாளிகளின் தொகுப்புகளை வெளியிட்டிருக்கின்றன. பப்மெட்டில் ஆசிரியரின் நிறுவன முகவரிப் புலத்தில் (அஃபிலியேஷன்) இந்தியா என்று போட்டு, நோயின் பெயரோடு ‘ஆண்ட்’ போடுங்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இந்த நோய் கூடுதல், ஆகவே மேற்கத்தியத் தொகுப்புகள் அளவில் பெரியவை. ஆனால் கட்டி எவ்வளவு பெரிதான பிறகு மருத்துவமனைக்கு வருகிறார்கள், நடுவில் சிகிச்சையை விட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் நம் ஊர் நிலவரம். அதை நம் ஊர்க் கட்டுரைதான் சொல்லும்.

முழுக் கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறது. என்ன செய்வது?

முதலில் பப்மெட் பக்கத்தின் வலப்புறத்தில் பி.எம்.சி. (பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் களஞ்சியம்) பொத்தான் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இலவசம். அன்பேவால் என்ற நீட்டிப்பை உலாவியில் போட்டுக்கொண்டால் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்கே இருந்தாலும் காட்டும். அரசுக் கல்லூரி மாணவர் என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். 30 பதிப்பகங்களின் இதழ்கள் அதில் அடக்கம். எதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல். பலர் மறுநாளே பி.டி.எஃப். அனுப்பிவிடுவார்கள், தங்கள் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்பதில் அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். மேலே சொன்ன முடிச்சு வரையறை மாதிரி விஷயங்கள் சுருக்கத்தில் இருக்கவே இருக்காது.

சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பட்டியலே தந்துவிடுகிறதே?

தருகிறது. அதில் சில கட்டுரைகள் உலகத்திலேயே இல்லாதவையாக இருக்கலாம். ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், தலைப்பு மட்டும் கற்பனை என்பது அடிக்கடி காணும் வகை. நோய் எவ்வளவு அரிதோ, இதை நம்பிவிடும் ஆபத்தும் அவ்வளவு. தலைப்பை அப்படியே பப்மெட்டில் ஒட்டிப் பாருங்கள், பி.எம்.ஐ.டி. எண் (பப்மெட் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் அடையாள எண்) வராவிட்டால் வேறு வழியில் உறுதிப்படும்வரை தள்ளி வையுங்கள். வந்தாலும் திறந்து படியுங்கள், எண் சரியாக இருந்து உள்ளே வேறு விஷயம் இருப்பதும் உண்டு. தேடுசொற்களுக்கு மாற்றுச் சொல் கேட்க அதைப் பயன்படுத்துங்கள், அந்த வேலையில் கெட்டிக்காரன்.

கேஸ் ரிப்போர்ட்டுகளை (ஓரிரு நோயாளிகளைப் பற்றி மட்டும் எழுதும் கட்டுரைகளை) சேர்க்கலாமா?

நிலை எவ்வளவு சரியாக அறியப்படுகிறது என்ற கேள்விக்கு வேண்டாம். வினோதமான இடத்தில் வந்த கட்டி பற்றியென்றால் அதுதான் கிடைக்கும், சேருங்கள்.

பழைய கட்டுரைகளை எதுவரை பார்ப்பது?

பப்மெட்டின் நூற்பட்டியல் பெரும்பாலும் 1940-களின் நடுப்பகுதியிலிருந்துதான் தொடங்குகிறது. நிலை பற்றிய தேடலுக்கு 1980-க்கு முன் போக வேண்டிய அவசியம் குறைவு. கவனிக்க வேண்டியது அண்மைக் கால எல்லை: 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, சி.ஐ.சி., பி.கோர் மரபணு மாற்றம் கொண்ட வட்டச்செல் சார்கோமாக்களை யூயிங்கிலிருந்து தனி வகைகளாகப் பிரித்துவிட்டது. அதற்கு முந்தைய தொகுப்புகளில் ‘யூயிங் போன்ற’ என்ற பெயரில் அவையும் கலந்திருக்கலாம். மரபணுச் சோதனையால் நோய் உறுதி செய்யப்பட்டதா என்று பாருங்கள்.

தேடியதை எப்படிப் பதிவு செய்வது?

எந்தத் தளம், எந்தத் தேதி, அடித்த வாக்கியம் அப்படியே, வந்த எண்ணிக்கை. ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். ‘பப்மெட்டில் தேடினேன்’ என்று தீசிஸில் எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியே அங்கேதான் கேட்பார். பப்மெட்டில் கணக்கு தொடங்கி அதே தேடலைச் சேமித்தால் புதிய கட்டுரை வரும்போது மின்னஞ்சல் வரும்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை, ஒரு அப்பா. இவ்வளவும் நான் செய்ய வேண்டுமா?

வேண்டாம் சார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பி.டி.க்யூ. என்ற பெயரில் யூயிங் சார்கோமாவுக்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறது. நோயாளிகளுக்கு ஒன்று, மருத்துவர்களுக்கு ஒன்று, இரண்டும் இலவசம், அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலாவதைப் படியுங்கள். தெம்பிருந்தால் இரண்டாவதில் நிலை பற்றிய பகுதியை மட்டும் பாருங்கள்.

பிழைப்பு விகித எண்கள் கண்ணில் படாமல் இருக்காது. அவை உங்கள் பிள்ளைக்குப் பல ஆண்டுகள் முன் சிகிச்சை பெற்றவர்களின் எண்கள். யூரோ-யூயிங் 99 என்ற பெயரிலேயே ஆண்டு இருக்கிறது பாருங்கள். ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்வது, உங்கள் பிள்ளையைப் பற்றி அல்ல.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கட்டுரைக் கட்டைத் தூக்கிப் போகாமல் ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொண்டுபோங்கள்: நிலை அறிய எந்தெந்த ஸ்கேன் எடுத்தீர்கள்? நெஞ்சு சி.டி.யில் முடிச்சு ஏதும் இருந்ததா, அதன் அளவு என்ன, அதைப் பரவலாகக் கணக்கில் எடுத்தீர்களா? மஜ்ஜை பார்க்கப்பட்டதா, பார்க்காவிட்டால் ஏன்? கட்டியின் அளவு எவ்வளவு? மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டதா? பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுத முடியாத மனநிலையில் இருந்தால் கூட வருகிறவர் எழுதட்டும்.